கையால் செய்து படிக்கும் ஸ்டீம் வகுப்பு: தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு முழு வழிகாட்டி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளியில் வேலை. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் என்னிடம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஐந்தையும் ஒரே வேலைக்குள் கொண்டுவருவதைத்தான் ஸ்டீம் என்கிறார்கள். புதிதாக வரும் ஆசிரியர்களும் கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மாணவர்களும் இதைச் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என்ன செய்வது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எதை முன்னால், எதைப் பின்னால் என்பதில்தான் வழுக்குகிறார்கள். அதனால் வரிசையையே இங்கே அதிகம் சொல்கிறேன். இரண்டு செயல்பாடுகளை முழுசாகவும் மற்றதை மேலோட்டமாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

1. கேள்வியைப் பிடியுங்கள், பொருள் அப்புறம்

பலரும் பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். ஐஸ் குச்சி நிறைய கிடக்கிறது, என்ன செய்யலாம்? இப்படி ஆரம்பித்தால் வீடு, ஊஞ்சல், போட்டோ ஃபிரேம் என்று முடியும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இதில் என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்.

பிள்ளை தன் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து கேள்வி வர வேண்டும். செய்து பார்த்தால்தான் விடை தெரிய வேண்டும். நடுவில் ஏதாவது ஒன்றை எண்ணவோ அளக்கவோ இடம் இருக்க வேண்டும். எண்ண ஒன்றும் இல்லாவிட்டால் கணிதம் தானாக வராது. பிறகு நாமே கரும்பலகையில் நான்கு கணக்கு எழுதி ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் வருடங்களில் பிள்ளைகள் அதை டிவியில் பார்த்துவிட்டு வருவார்கள். மூன்று நான்கு நாள் கழித்துக் கல்லணை திறப்பார்கள். எங்கள் ஊர் கடைமடை, வாய்க்கால் போய் முடியும் கடைசி இடம். இங்கே தண்ணீர் எட்டிப் பார்க்க இன்னும் எத்தனையோ நாள் ஆகும். “அங்க திறந்தாச்சுல்ல சார், இங்க ஏன் வரல?” என்று ஒரு பிள்ளை கேட்டது. இதைவிட நல்ல கேள்வியை நான் உட்கார்ந்து யோசித்தாலும் பிடிக்க முடியாது. பிரிவு 6-ல் உள்ள வாய்க்கால் செயல்பாடு அதிலிருந்து வந்ததுதான்.

பாடக்குறிப்பில் அந்தக் கேள்வியையும் அது எந்தப் பாடத்தின் எந்தக் கற்றல் விளைவோடு சேருகிறது என்பதையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் செயல்பாடு மெல்ல வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் பொழுதுபோக்காகிவிடும்.

2. முந்தின வாரமே நீங்கள் தனியாகச் செய்து பாருங்கள்

வீடியோவில் பார்த்தது போதாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் அதே சிரட்டை, அதே மண், அதே மழுங்கல் கத்தரிக்கோலை வைத்துச் செய்யுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 20 நிமிடம் ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம். நான் எப்போதும் மூன்றால் பெருக்கிக்கொள்வேன். 40 நிமிடப் பீரியடுக்குள் அடங்காது என்று தெரிந்தால் இரண்டு பீரியடைச் சேர்த்து வாங்கிவைக்கலாம், இல்லை இரண்டு நாளாகப் பிரிக்கலாம்.

எங்கே உங்களுக்கே சிக்கியது என்று குறித்துவையுங்கள். அந்தச் சிக்கலை முன்கூட்டியே அவிழ்த்துக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் யோசிக்கப்போகிற இடமே அதுதான். கை காயப்படுகிற சிக்கலாக இருந்தால் மட்டும் நீங்களே முடித்துவையுங்கள்.

3. பொருள் திரட்டுவது

கடையில் வாங்க வேண்டியது குறைவு. சார்ட் அட்டை, டேப், ஐஸ் குச்சி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊரிலேயே கிடக்கிறது.

களிமண்ணை மண்பாண்டம் செய்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு வாளி கொடுக்க யாரும் முகம் சுளித்ததில்லை. ஆற்றிலோ வாய்க்காலிலோ போய் எடுத்துவரச் சொல்லி பிள்ளைகளை அனுப்பவே கூடாது, தண்ணீர் இல்லாத மாதத்திலும்கூட. வயல் மண் என்றால் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீங்களே எடுங்கள். எந்த மண்ணாக இருந்தாலும் கண்ணாடித் துண்டு, நத்தை ஓடு, முள் இருக்கும். சலித்த பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும்.

வாய்க்கால் செயல்பாட்டுக்கு மிஷின் நடவு நாற்றங்கால் ட்ரே சரியான அளவு. ஏறக்குறைய இரண்டடி நீளம், ஒரு அடி அகலம். குறுவை நடவு முடிந்த வீடுகளில் அடுக்கிக் கிடக்கும். அடியில் ஓட்டை இருக்கும் என்பதால் மேலே பழைய ஃபிளக்ஸ் பேனரை விரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்யாண பேனராவது அகப்படாமல் போகாது. ஒரு புது ஆசிரியர் பேனருக்குப் பதில் உரச்சாக்கின் உள்பையை விரித்தார். ஓரத்தில் யூரியா ஒட்டிக்கொண்டிருந்தது. உரம், பூச்சிமருந்து வந்த எந்தப் பையையும் டப்பாவையும் கழுவியும் பயன்படுத்தாதீர்கள்.

இருமல் மருந்து மூடிகளைச் சேர்த்துவையுங்கள். 10 மில்லிக்குக் கோடு போட்டிருக்கும். அளவைக் குவளைக்குப் பணம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.

பொருள் கொண்டுவரும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்து நாள் முன்பே சொல்லுங்கள். முந்தின நாள் சாயங்காலம் சொன்னால் வீட்டில் அடிதான் கிடைக்கும். கொண்டுவர முடியாத பிள்ளைக்காக இரண்டு செட் கூடுதலாக உங்கள் அலமாரியில் இருக்கட்டும். யார் கொண்டுவரவில்லை என்று வகுப்பில் கேட்காதீர்கள்.

4. நான்கு பேர் கொண்ட குழு, விசிலுக்கு விசில் வேலை மாற்றம்

ஆறு பேர் என்றால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு பேர் என்றால் பொருள் போதாது. நான்குதான் எனக்குச் சரிவந்தது. செய்பவர், அளப்பவர், எழுதுபவர், பொருள் பார்ப்பவர்.

இந்த வேலைகளை ஒரு தடவை பிரித்துக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? நோட்டு பெண் பிள்ளை கைக்கும் மண் ஆண் பிள்ளை கைக்கும் போய்ச் சேரும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் தானே செய்யும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு கடைமடை இருக்கும், பொருள் அங்கே போய்ச் சேரவே சேராது. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு விசில். விசில் ஊதியதும் வேலை வலப்பக்கம் நகர வேண்டும். முதல் இரண்டு வகுப்பில் முனகுவார்கள், பிறகு பழகிவிடும்.

முதல் பரிசு கொடுக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. பரிசு வாங்கிய குழு செய்ததையே அடுத்த வாரம் எல்லோரும் செய்தார்கள். நிறுத்திவிட்டேன்.

5. முதல் செயல்பாடு: சாய்த்தால் எழும் பொம்மை

இதில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், ஒரே பீரியடில் முடியும், தண்ணீர் இல்லை, தோற்றாலும் சிரிப்பாக இருக்கும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் தள்ளிக் காட்டுங்கள். “இது ஏன் விழ மாட்டேங்குது?” என்று மட்டும் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள்.

ஒரு குழுவுக்குக் கண் இல்லாத பாதிச் சிரட்டை ஒன்று, சார்ட் அட்டையில் 10 சென்டிமீட்டர் கூம்பு ஒன்று, 20 சென்டிமீட்டர் கூம்பு ஒன்று, களிமண். சிரட்டையின் நுனியில் கூர் இருந்தால் சிமெண்ட் தரையில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். இதை முந்தின நாளே நீங்கள் செய்துவிட வேண்டும். அதிகம் தேய்த்துவிட்டால் அடி தட்டையாகிவிடும். தட்டையான சிரட்டை கிண்ணம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும், ஆடாது. புதியவர்கள் பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பொருளைக் கொடுக்கும் முன் கணிப்பு. கூம்பின் தலையில் நெல்லிக்காய் அளவு களிமண் உருண்டை ஒன்று வைத்தால் பொம்மை விழுமா, எழுமா? ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும், எழுத வராத பிள்ளை விழுந்த பொம்மையையோ நின்ற பொம்மையையோ வரையட்டும். எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் களிமண் மேசைக்கு வர வேண்டும். முதல் வருடம் நான் எல்லாப் பொருளையும் காலையிலேயே மேசையில் பரப்பிவைத்தேன். கேள்வி கேட்க வாயைத் திறக்கும்போது பாதி மண் பிள்ளையார் ஆகியிருந்தது, மீதி சுவரில் இருந்தது. கை மண்ணுக்குள் போன பிள்ளையின் காதுக்குள் எதுவும் போகாது.

இப்போது வரிசை. சிரட்டைமேல் சிறிய கூம்பைக் கவிழ்த்து ஒரு பக்கம் மட்டும் டேப் போடுங்கள், பெட்டி மூடி மாதிரித் திறக்கும்படி. சுற்றிலும் ஒட்டிவிட்டால் உள்ளே மண் வைக்க ஒவ்வொரு தடவையும் கிழிக்க வேண்டியிருக்கும். தலையில் ஒரு உருண்டை வைத்துச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்தால் அதே அளவு உருண்டை ஒன்றைச் சிரட்டையின் நடு அடியில் அழுத்திவிட்டு மறுபடி. விழாமல் எழும்வரை ஒவ்வொன்றாக. எத்தனை உருண்டை ஆனது என்பதுதான் எழுத வேண்டிய எண். பிறகு பெரிய கூம்பை மாட்டி முதலிலிருந்து.

சிரட்டைக்குச் சிரட்டை எண்ணிக்கை மாறும். கூம்பு உயர உயர அடியில் கூடுதல் உருண்டை வேண்டும் என்பது மட்டும் எந்தக் குழுவிலும் மாறாது. எடை அடியில் குவிந்திருந்தால், சாய்க்கும்போது அது தரையைத் தொடும் இடத்துக்கு மறுபக்கம் போய்ப் பொம்மையை இழுத்து நிறுத்துகிறது. இதைப் பிள்ளைகள் “அடி கனமா இருந்தா எழும்” என்று சொன்னால் போதும். புவியீர்ப்பு மையம் என்ற சொல்லை ஐந்தாம் வகுப்புக்கு மட்டும், அதுவும் கடைசியில் சொல்லலாம்.

பொம்மை ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றால் மண் நடுவில் இல்லை என்று பொருள். நீங்கள் நகர்த்திக் கொடுக்காதீர்கள், “எந்தப் பக்கம் சாயுது?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்று மறுநாள் காலை தெரியும். களிமண் காய்ந்து சுருங்கிச் சிரட்டையை விட்டுக் கழன்று உள்ளே உருளும், நேற்று நின்ற பொம்மை இன்று விழும். எனக்கு இப்படி வகுப்பு மொத்தமும் விழுந்தது. மூன்று பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்தால் சுருக்கம் குறையும். சிரட்டையின் உட்புறத்தை ஆணியால் கீறிவிட்டால் பிடிப்பும் வரும். ஆனால் இப்போதெல்லாம் ஒரே ஒரு குழுவுக்கு வேண்டுமென்றே வெறும் களிமண்ணைக் கொடுக்கிறேன். மறுநாள் அந்தக் குழுவின் பொம்மை மட்டும் ஏன் விழுந்தது என்பதே அன்றைய பாடம்.

6. இரண்டாவது செயல்பாடு: கடைமடைக்குத் தண்ணீர்

பொம்மை முடித்து இரண்டு வாரம் கழித்து இதைச் செய்யுங்கள். இரண்டு பீரியட் சேர்ந்து வேண்டும், வராண்டா வேண்டும்.

பேனர் விரித்த ட்ரேயில் இரண்டு பங்கு மணலும் ஒரு பங்கு களிமண்ணும் கலந்து நிரப்புங்கள். பார்சல் டப்பாக்களின் அடியை ஒரு அங்குல உயரத்துக்கு வெட்டினால் வயல். தலைப்பில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்றையும் மண்ணுக்குள் பதித்துவிடுங்கள். வெட்டுவது உங்கள் வேலை, விளிம்பில் டேப் ஒட்டுவதும்.

அரை லிட்டர் பாட்டில்தான் அணை. மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை, அடியில் காற்றுப் போக இன்னொரு ஓட்டை. காற்று ஓட்டை இல்லாவிட்டால் தண்ணீர் குடுகுடுவென்று விட்டுவிட்டு வரும். பிள்ளைகள் பொறுமையிழந்து பாட்டிலை அமுக்குவார்கள், ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் ஒப்பிடவே முடியாது.

வேலை இதுதான்: ஒரு பாட்டில் தண்ணீர், மூன்று வயலுக்கும் முடிந்தவரை சமமாகப் போக வேண்டும். வாய்க்காலை எங்கே வெட்டுவது, எப்படித் திருப்புவது என்பது குழுவின் முடிவு.

மண்ணைத் தொடும் முன் வரைபடம். மேலிருந்து பார்ப்பதுபோல் வரையச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல்தான் வரைவார்கள். பெஞ்சில் ஏறி நின்று ட்ரேயைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

முதல் பாட்டிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் தண்ணீரைக் காய்ந்த மண்ணே குடித்துவிடும். இதைத் தெரியாமல் முதல் ஓட்டத்தையும் இரண்டாவது ஓட்டத்தையும் ஒப்பிட்டால் குழு தன் வாய்க்கால் திருந்திவிட்டதாக நினைத்துக்கொள்ளும், திருந்தியது மண்ணின் ஈரம் மட்டுமே. ஆனால் அந்தப் பாட்டில் வீணில்லை. “தண்ணி எங்க போச்சு?” என்று அங்கே நிறுத்திக் கேளுங்கள். மேட்டூர் தண்ணீர் ஏன் உடனே வரவில்லை என்பதில் பாதி அங்கேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

வயலில் சேர்ந்த தண்ணீரை இருமல் மருந்து மூடியால் அளக்க வேண்டும். ட்ரே சமதளமாக இருக்கும்போது ஒரு குழுவுக்குக் கிடைத்தது: தலைப்பு வயலுக்கு 14 மூடி, நடு வயலுக்கு 7, கடைசிக்கு ஒன்றும் இல்லை. “சார், எல்லாத்தையும் முதல் வயலே குடிச்சிருச்சு” என்றான் ஒருவன். அடுத்து என்ன மாற்றலாம் என்று கேட்டதும் தலைப்புப் பக்கம் நோட்டுகளை அடியில் கொடுத்து உயர்த்தினார்கள். ஒரு நோட்டு போதாது என்று நான்கு வைத்தார்கள். தண்ணீர் பாய்ந்து ஓடிக் கடைசி வயல் நிரம்பி வழிந்தது, தலைப்பு வயல் காய்ந்தது, வாய்க்காலின் கரை கரைந்து போனது. வாட்டம், அதாவது சரிவு, கொஞ்சம் போதும், அதிகமானால் மண்ணைக் கூட்டிக்கொண்டு போகும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கட்டம் வந்த பிறகுதான் ஐஸ் குச்சியை வெளியே எடுங்கள். முன்பே கொடுத்தால் கொடிக்கம்பம் நடுவார்கள். இப்போது கொடுத்தால் மதகு, ஷட்டர் என்று தானே போடுவார்கள். அந்தக் குழு தலைப்பு வயல் மடையைக் குச்சியால் பாதி மூடியது. இன்னொரு குழு வேறு வழியில் போனது. தலைப்பையும் நடுவையும் முழுசாக அடைத்துவிட்டுக் கடைசி வயலுக்கு முதலில் விட்டது. “எங்க தாத்தா முறை வச்சுத்தான் விடுவாரு சார்.” இரண்டுமே சரி. எது நல்லது என்று தீர்ப்பு சொல்லாமல் இரண்டின் எண்களையும் பலகையில் எழுதிவிட்டு விவாதத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். வாட்டத்தையும் மடையையும் ஒரே தடவையில் மாற்றினால் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

7. எழுதுவது: மூன்றே கட்டம்

நீளமான படிவம் வேண்டாம். நோட்டில் மூன்று கட்டம்: நினைத்தது, நடந்தது, மாற்றியது. நினைத்ததைக் கடைசியில் எழுதவிட்டால் எல்லோருடைய கணிப்பும் சரியாகவே இருக்கும். அதனால் முதல் கட்டத்தைப் பேனாவால் எழுதச் சொல்வேன், அழிக்க முடியாது. தப்பாக நினைத்ததற்கு மதிப்பெண் குறையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

மூன்று வகுப்பும் ஒன்றாக இருக்கும் அறைக்குச் செயல்பாடு ஒன்று, கணக்கு வேறு. மூன்றாம் வகுப்பு மூடிகளை எண்ணிப் படத்தில் புள்ளி வைக்கும். நான்காம் வகுப்பு தலைப்புக்கும் கடைமடைக்கும் எத்தனை வித்தியாசம் என்று கழித்து, கட்டம் போட்ட தாளில் பட்டை வரையும். ஐந்தாம் வகுப்பு 14, 7, 0-ஐக் கூட்டி, சமமாகப் பிரித்திருந்தால் வயலுக்கு 7 மூடி என்று கண்டுபிடித்து, மில்லி லிட்டருக்கு மாற்றும். 500 மில்லி விட்டு 210 மில்லிதான் வயலுக்கு வந்தது என்றால் மீதி 290 எங்கே என்ற கேள்வி அவர்களுடையது.

8. கலை எங்கே?

ஜிகினாத் தாள் ஒட்டினால் கலை வந்துவிட்டது என்று முதல் வருடம் நானும் நினைத்தேன். மேலிருந்து பார்த்து வரைந்த வாய்க்கால் படம்தான் அங்கே கலை. அது இல்லாமல் குழு பேசிக்கொள்ளவே முடியாது. பொம்மையில் இடமும் வலமும் ஒத்த உடை வரைவதும் கலைதான், ஒரு பக்கம் கனமான பாசிமணி ஒட்டினால் பொம்மை உடனே காட்டிக்கொடுத்துவிடும். மார்கழியில் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொண்டால் சமச்சீர், வரிசை எண்கள் எல்லாம் வந்துவிடும். அங்கே நீங்கள் கற்றுக்கொடுப்பதைவிட ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பதே அதிகம் இருக்கும்.

9. கடைசிப் பத்து நிமிடத்தை யாருக்கும் தராதீர்கள்

மணி அடித்த பிறகு சுத்தம் செய்யலாம் என்றால் நீங்கள் தனியாகத்தான் செய்வீர்கள். பத்து நிமிடம் இருக்கும்போதே நிறுத்துங்கள், பாதியில் நின்றாலும் பரவாயில்லை. ட்ரேயில் தேங்கிய தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள், கொசு வந்துவிடும். மண் கலந்த தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும், செடிக்கு ஊற்றுங்கள். எல்லோரும் சோப்புப் போட்டு நகத்தோடு கைகழுவிய பிறகுதான் சாப்பாடு. களிமண்ணை உருண்டையாக்கி ஈரச் சாக்கில் சுற்றிவைத்தால் அடுத்த வாரமும் அதே மண் போதும்.

10. எந்த மாதம் எதை

ஜூன், ஜூலையில் வாய்க்கால் செய்யலாம். அப்போது கேள்வி ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஓடும் நாளில் வாய்க்கால் பார்க்க வகுப்பைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பள்ளி வாசலில் நின்று பார்த்தால் போதும். முதல் வருடம் மட்டும் பொம்மையைப் பள்ளி திறந்ததும் முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைமானி. நேரான பக்கமுள்ள பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழி என்று கோடு போடுங்கள். இதை விட்டுவிட்டு அடியிலிருந்து அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்காதீர்கள். வானிலைத் துறை காலை 8.30-க்கு அளக்கிறது. நாம் பள்ளி தொடங்கும் நேரத்தில், தினமும் அதே நேரத்தில் அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வகுப்பறைக் கூரையில் இன்று எத்தனை லிட்டர் விழுந்தது என்று ஐந்தாம் வகுப்பு கணக்குப் போடட்டும். நல்ல மழை பெய்யும் அன்று பார்த்து விடுமுறை விட்டுவிடுவார்கள். மழைமானியைப் பார்க்க யாரையும் பள்ளிக்கு வரச் சொல்லாதீர்கள். திறந்த நாளில் அளந்து “மூன்று நாள் மழை” என்று சேர்த்தே எழுதுங்கள், மூன்றால் வகுத்து நாளுக்கு இவ்வளவு என்று இட்டுக்கட்ட வேண்டாம்.

ஏப்ரலில் நுங்கு வண்டி. நுங்கு தின்ற காய் இரண்டு, நடுவில் ஒரு குச்சி. ஒரு காயின் ஓரத்தில் சாக்பீஸ் குறி போட்டு, குறி மறுபடி தரையைத் தொடும் வரை உருட்டினால் ஒரு சுற்றின் தூரம். பெரிய காய் அதிக தூரம் போகுமா என்று உருட்டும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். காய் ஓரிரு நாளில் வதங்கிச் சுருங்கிவிடும், அப்புறம் அளவு மாறும். அதனால் நுங்கு வெட்டிய அன்றே உருட்டி அளந்துவிட வேண்டும்.